ஜாதக சாஃப்ட்வேரும் ஒரு பரம்பரை ரகசியமும்

1. பிள்ளையார் நிரந்தர ஊழியரா?

"உங்கள் கம்பெனியில் பிள்ளையார் நிரந்தர ஊழியரா, கான்ட்ராக்டில் எடுத்தவரா?" என்று சிங்கப்பூர் வக்கீலம்மா வீடியோ காலில் கேட்ட நேரத்தில், கீழே மாவு மில்லில் யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். முதலாளி வயிரவன் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அடுத்து எனக்கு வந்தது. சப்போர்ட் போன் எடுக்கும் கவிதா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். கண்ணில் நீர் வழிய நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்த அம்மா பயந்துபோய், "பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார்.

உண்மையாகவே அழுதிருந்தாலும் தப்பில்லை. அந்தப் பேச்சு முறிந்துபோனால் எங்கள் ஆபீஸை மூடிவிடுவது என்று சார் முடிவு செய்திருந்தார்.

நான் ஸ்டெல்லா. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், ஒரு மாவு மில்லின் மாடியில், ஜாதக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைத்தவள். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். கிறிஸ்தவப் பெண், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், வாரம் முழுக்க ராகுவையும் கேதுவையும் டீபக் செய்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியார் ஒருமுறை என்ன வேலை என்று கேட்டபோது "வானியல் கணக்கு, ஃபாதர்" என்றேன். அது பொய்யில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்கள் லைசென்ஸ் என்றாலே "ஐ அக்ரி" பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. முதல் நாள்

வயிரவன் சாருக்குத் திருமயம் பக்கத்துக் கிராமம். வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சென்னை, கோலாலம்பூர் என்று கடை வைத்துப் போய்விட, இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர்ப்பக்கமே இருந்துவிட்டார். தானே உட்கார்ந்து ஜாதக சாஃப்ட்வேரின் முதல் வெர்ஷனை எழுதினார். நான் சேர்ந்தபோது தெற்கத்தி ஜோசியர்கள் பலர் அதை வாங்கியிருந்தார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், "ஐந்து தலைமுறைப் பரம்பரை ரகசிய முறையில் திருமணப் பொருத்தம்" என்று அச்சடித்திருக்கும்.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ப்ரோக்ராம் எழுதியிருக்கும் மூல ஃபைல்களை, அதாவது எல்லா சோர்ஸ் ஃபைலையும் திறந்து, முதல் வரியில் பிள்ளையார் சுழி இருக்கிறதா என்று பார்ப்பது.

"நீங்க வேதக்காரங்கதான். இருந்தாலும் ஆபீஸ் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? கோவிச்சுக்கிறாதீங்க" என்றார்.

"எனக்கென்ன சார், கமெண்டுதானே" என்றேன்.

இரண்டு சாய்கோடு போட்டு "உ" என்று எழுதிவிட்டால் ப்ரோக்ராமைப் படித்து ஓடவைக்கும் கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. கம்பைலருக்கு இருந்த பெருந்தன்மை எனக்கும் இருந்தது. எல்லா ஃபைலிலும் முதல் வரி சுத்தமாக உ. அதற்குக் கீழே நேராக ப்ரோக்ராம் கோடு. நடுவில் வேறு ஒரு வரி கிடையாது.

கிரகங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் ஃபைல்கள் மட்டும் ஆங்கிலேயன் கைப்பட எழுதின மாதிரி அத்தனை ஒழுங்காக இருந்தன. "இதை யார் சார் எழுதினது?" என்றேன்.

"நம்ம ஃபோல்டர்லதானே இருக்கு, அப்பறம் என்ன?" என்றார். அன்றைக்கு அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

இன்னொரு ஃபைல் என் கையில் கிடைக்கவே கிடைக்காது. பொருத்தம் டிஎல்எல். பத்துப் பொருத்தம் பார்த்து மார்க் போடும் பகுதி அதில்தான் இருந்தது. அதன் சோர்ஸ் சார் வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் உண்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற மாதிரி கம்பைல் பண்ணி முடித்ததைப் பென் டிரைவில் சட்டைப் பைக்குள் வைத்து, திருமயத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார். நான் அதைத் திறக்காமல் லிங்க் மட்டும் பண்ணுவேன். ஜோசியத்தில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதால் எனக்கும் அது நிம்மதி. சந்திரன் அச்சடித்த பஞ்சாங்கத்தில் இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதோடு என் டெஸ்டிங் முடிந்தது.

3. ஸ்கேன் ரிப்போர்ட்

ஃபோனில் இலவச ஜாதக ஆப்கள் வந்தபின் எங்கள் விற்பனை படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் ஒரு வரன் பார்க்கும் கம்பெனி வலியத் தேடி வந்தது. எங்கள் சாஃப்ட்வேரைத் தங்கள் சர்வரில் ஓட விட்டு, வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் பொருத்தம் காட்ட வேண்டும். அதற்கு மேனேஜர் தினேஷ் என்று ஒரு தம்பி, தஞ்சாவூர்ப் பூர்வீகம், நல்ல மரியாதை. எல்லாம் பேசி முடித்து, கடைசியாக ஒரே ஒரு சடங்கு பாக்கி என்றார். சாஃப்ட்வேரை ஒரு டூலில் போட்டு ஸ்கேன் செய்வார்களாம், உள்ளே வெளியார் எழுதின கோடு இருக்கிறதா என்று.

"பாத்துக்கங்க தம்பி. எல்லாம் நம்ம சொந்தச் சரக்கு" என்றார் சார்.

ரிப்போர்ட் வந்தது. கிரகக் கணக்கு முழுக்க வெளிநாட்டில் ஒரு பெரியவர் ஆரம்பித்துப் பலர் சேர்ந்து எழுதி நெட்டில் பொதுவில் வைத்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்னும் ப்ரோக்ராம் தொகுப்பு. லைசென்ஸ் ஜிபிஎல். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதினவர்கள் பெயரும் நிபந்தனையும் இருக்க வேண்டும். சோர்ஸையும் வாங்கிப் பார்த்த வக்கீலம்மா, எங்கள் ஃபைல்களில் அந்த வரிகள் மட்டும் பார்த்துப் பார்த்து நீக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் எல்லாம் ஒரே ஒரு எழுத்து. திருட்டை மறைக்க ஏதோ குறியீடு போட்டிருக்கிறோம் என்பது அவர் முடிவு. அது பிள்ளையார் என்று சார் மெயிலில் விளக்கம் எழுத, பிள்ளையார் என்கிற ஊழியர்தான் நீக்கியது என்று அவர் புரிந்துகொண்டார். அதற்காகத்தான் அந்த வீடியோ கால்.

தும்மி முடித்த பிறகு நான்தான் பேசினேன். பிள்ளையார் ஊழியர் இல்லை என்றும், இங்கே மளிகைச் சீட்டில்கூட அவர் சுழிக்குக் கீழேதான் பருப்பு வரும் என்றும், அவருக்கு மேலே இன்னொருவர் பெயர் இருக்கக் கூடாது என்று முதலாளி பக்தியில் எடுத்துவிட்டார் என்றும் சொன்னேன். தினேஷ் மொழிபெயர்த்தார். அந்த அம்மா வெகுநேரம் எழுதினார்.

"நோக்கம் கெட்டது இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் லைசென்ஸைச் சரி செய்யாமல் நாங்கள் கையெழுத்துப் போட முடியாது" என்றார். ஒரு மாத அவகாசம்.

கால் முடிந்ததும் சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஓசியில எடுத்துக்கன்னு அவன்தானே நெட்டுல வச்சான்? எடுத்தா லைசென்ஸ்ங்குறான்!"

"எடுத்துக்கலாம் சார். விக்கக்கூடச் செய்யலாம். ஆனா அதோட சேத்து நாம எழுதினதையும், வாங்குறவங்க கேட்டா சோர்ஸா குடுக்கணும். அவங்க அதை அடுத்தவங்களுக்குக் குடுத்தாலும் தடுக்கக் கூடாது. அதான் ஜிபிஎல்."

"எதை எதைக் குடுக்கணும்?"

"எல்லாத்தையும்."

சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பொருத்தம் டிஎல்எல்லையுமா?"

இங்கே லிங்க் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டாட்டிக் லிங்க் என்றால் லைப்ரரியின் கோடு நம் ப்ரோக்ராமுக்குள்ளேயே கரைந்துவிடும், சாம்பாரில் போட்ட உப்பு போல. கிரகக் கணக்கை நாங்கள் சேர்த்திருந்தது அப்படித்தான். டைனமிக் லிங்க் என்றால் தனி ஃபைலாக இருந்து, ப்ரோக்ராம் ஓடும்போது வந்து சேரும். அது இலை ஓரத்து ஊறுகாய். சாரின் டிஎல்எல் அந்த வகை. இதை நான் இதே உதாரணத்தோடு சொல்லித் தொலைத்ததுதான் வம்பாகிவிட்டது.

"ஊறுகா தனிதானே ஸ்டெல்லா? உப்பு குடுத்தவன் ஊறுகாக்கும் சேத்துப் பாத்தியத கொண்டாடுவானா?"

"ஒண்ணா விக்கிறோம், ஒண்ணா ஓடுது, அது இல்லாம இது வேலை செய்யாது. ஒரே எலைச் சாப்பாடுன்னுதான் அவங்க கணக்கு சார். எல்ஜிபிஎல்னு இளகின லைசென்ஸ் ஒண்ணு இருக்கு. இது அதுவா இருந்திருந்தா கொஞ்சம் வாதாடலாம். இது அது இல்லை."

"அப்ப அந்த டிஎல்எல் மட்டும் முடியாது. ஆபீஸ மூடினாலும் சரி."

அவர் அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸை மூடினால் அவருக்கு அண்ணன் கடை இருக்கிறது. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம் பாக்கி, கவிதாவுக்குச் சின்னப் பிள்ளை. ஒரு ஃபைலைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் இப்படி அழும்பு பண்ணுவாரா என்று அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

4. சந்திரன் லேட்

சார் சும்மா இருக்கவில்லை. முதலில் அந்த வெளிநாட்டுப் பெரியவருக்கே மெயில் எழுதினார். எங்களுக்கு மட்டும் தனி லைசென்ஸ் கொடுங்கள், பதிலுக்கு உங்கள் ஜாதகத்தை இலவசமாகக் கணித்துத் தருகிறோம், பிறந்த நேரம் அனுப்பவும் என்று.

அவர் தங்கமான மனுஷர். மறுநாளே பதில் போட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. பெயர்களை இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள், லைசென்ஸைக் கூடவே கொடுங்கள், வாங்குகிறவர்களுக்கு சோர்ஸ் கொடுங்கள், அதோடு விஷயம் முடிந்தது என்றார். தனி லைசென்ஸ் மட்டும் தன்னால் முடியாதாம். பல ஆண்டுகளாகப் பலர் எழுதியது, எல்லோரும் சம்மதிக்க வேண்டும், அதில் ஒருவர் இறந்துவிட்டார். கடைசி வரியில், பிறந்த நேரம் தனக்குத் தெரியாது என்று வருத்தம் தெரிவித்திருந்தார்.

"பொறந்த நேரமே தெரியாத ஆளு எப்படிய்யா சந்திரனக் கணக்குப் போட்டாரு?" என்று சார் ஆச்சரியப்பட்டார். ஆனால் அந்த மெயிலின் நடுப்பகுதி அவருக்குச் சட்டென்று புரிந்தது. "எங்க ஊரு வீடு மாதிரி. அத்தன பங்காளியும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு ஓட்ட மாத்த முடியும். ஒருத்தரு போய்ச் சேந்துட்டாருன்னா அவரு புள்ளைகள எங்கிட்டுத் தேடுறது? சரி, அந்த வழி அடைச்சாச்சு."

அடுத்து, லைப்ரரியைத் தூக்கிவிட்டு கிரகக் கணக்கை நாமே எழுதலாம் என்றார். என்னைத்தான் எழுதச் சொன்னார். எழுதினேன். சூரியன் நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்டது. சந்திரன் மட்டும் என்ன செய்தாலும் கொஞ்சம் லேட்டாகவே வந்தது, நம் டவுன் பஸ் மாதிரி. அந்தக் கொஞ்சத்தில் நட்சத்திரம் மாறிவிடும். நட்சத்திரம் மாறினால் பொருத்தம் மாறிவிடும். டெஸ்டுக்குக் கவிதாவின் ஜாதகத்தைப் போட்டோம். ரோகிணியில் பிறந்தவளைக் கார்த்திகை என்றது.

"அக்கா, எங்க மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சுது, கார்த்திகைன்னு சொல்லியே என்னைய வீட்ட விட்டு அனுப்பிரும்" என்றாள்.

அவகாசத்தில் பாதி ஓடிவிட்டது. நான் கையை விரித்துவிட்டேன்.

5. பென் டிரைவ்

ஒரு காலையில் சார் வழக்கத்தைவிட முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கவிதா இன்னும் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். இந்த முறை கம்பைல் பண்ணினது இல்லை, சோர்ஸ்.

"பாருங்க. பாத்துட்டுச் சிரிக்கப்புடாது. இத மட்டும் தனியாக் கழட்ட முடியுமான்னு சொல்லுங்க."

திறந்தேன். முதல் வரி உ. அதன் கீழே பத்துப் பொருத்தம். தினம், கணம், மகேந்திரம் என்று வரிசையாக. எந்தப் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலும் இருக்கிற அதே கணக்கு. ஐந்து தலைமுறை ரகசியம் எங்கே என்று கீழே போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு சின்ன ஃபங்ஷன், சில வரிக் கட்டளை. அதற்குச் "சித்தப்பா" என்று பெயர் வைத்திருந்தார்.

அதில் இருந்தது இவ்வளவுதான். பத்துக்கு மொத்தம் நாலு வந்தால், இல்லை என்று வந்த பொருத்தங்களில் ஒன்றை மத்திமம் என்று மாற்று. மொத்தத்தை ஐந்தாக்கு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிற அளவுக்குத்தான் எனக்கும் தெரியும். பாதி வந்தால், அதாவது ஐந்து வந்தால், மேற்கொண்டு பேசலாம் என்பது பொதுவான கணக்கு. நாலு வந்தால் பல வீடுகளில் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"சார், இதுவா ரகசியம்?"

"சிரிக்காதீங்கன்னேன்ல."

"சிரிக்கல சார்."

"எங்க சித்தப்பா ஊருக்கு ஜாதகம் பாத்தவரு. கையால பாக்கையிலே அப்படித்தான் பாத்தாரு. வெரல விட்டு எண்ணுவாரு. நாலுல நிப்பாரு. எதுக்க ஒக்காந்திருக்குற பொண்ணு வீட்டுக்காரவுக மூஞ்சியப் பாப்பாரு. பெறகு அஞ்சாவது வெரல மடக்கிருவாரு. ஏன்னு கேட்டேன். ஒத்த வெரலுக்காக ஒரு கல்யாணம் நிக்கணுமாடான்னாரு. நானும் அப்படியே எழுதி வச்சேன். இப்ப இத ஊரே படிச்சா? என்னைய நம்பி வாங்குன ஜோசியருக எல்லாம் வந்து சட்டையப் பிடிக்க மாட்டாங்க? பரம்பரை ரகசியம்னு பெட்டியில போட்டு வித்தவன்யா நான்!"

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை காலம் அந்தப் பென் டிரைவை பஸ்ஸில் தங்கம் மாதிரி பொத்திக்கொண்டு வந்தாரே, அதற்குள் ஒரு மடங்கின விரல் மட்டுமே இருந்திருக்கிறது என்று நினைக்கையில் மனசு இளகிவிட்டது.

ஆனால் வேலை வேலைதான். "கழட்ட முடியாது சார். இது கிரகக் கணக்க நம்பியே நிக்குது. ஒண்ணு செய்யலாம். இந்த ஃபங்ஷனை மட்டும் எடுத்துட்டுப் புது வெர்ஷன் போடுவோம். அதோட சோர்ஸைக் குடுப்போம். பழசை யாராவது கேட்டா அப்ப பாத்துக்கலாம். யாரும் கேக்கப் போறதில்ல."

சார் யோசித்தார். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆபீஸ் பிழைக்கும், மானமும் பிழைக்கும். அவர் முகத்திலும் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதச் செஞ்சுருங்க" என்றார்.

6. கிரேஸ் மார்க்

அன்றே ஃபங்ஷனை எடுத்தேன். வழக்கம்போல் டெஸ்டுக்குக் கவிதா ஜாதகத்தையும் அவள் வீட்டுக்காரர் ஜாதகத்தையும் போட்டேன். அவர்களுக்குப் பொருத்தம் பார்த்ததே எங்கள் சாஃப்ட்வேரில்தான். ஐந்து என்று வந்து, அந்தத் தாளை அவள் ஃபிரேம் போடாத குறையாக வைத்திருந்தாள். இப்போது திரையில் நாலு வந்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கொறையுதே. மறுபடி சந்திரன் லேட்டா?"

பொய் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். கவிதா திரையைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு பாஸாகவே இல்ல. கிரேஸ் மார்க்கு!"

"கவிதா, மன்னிச்சுக்கம்மா..." என்றார் சார்.

"இருங்க சார். இன்னைக்கு வீட்டுக்குப் போய் அந்த மனுஷன்ட்டச் சொல்லாம விடமாட்டேன். அஞ்சு பொருத்தம், அஞ்சு பொருத்தம்னு என்னா பேச்சுப் பேசுறாரு தெரியுமா?" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, இப்ப அத எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

"எங்கப்பா நாலுன்னு பாத்திருந்தா அவரைப் படியேறவே விட்டிருக்க மாட்டாரு. இவருக்கு முன்னாடி எனக்கு வந்த நாலஞ்சு எடம் அப்படித்தான் போச்சு. இனிமே நாலு வாங்குற பொண்ணுக என்ன செய்யும் சார்?"

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. சார் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஸ்டெல்லா, திரும்ப உள்ள வைங்க."

"சார், வச்சா சோர்ஸ்ல போகும். எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும். என் மானத்துக்காக அத எடுத்தா சித்தப்பா மூஞ்சியில எப்படி முழிக்கிறது? பெட்டியில ரகசியம்னு போட்டிருக்குறத மட்டும் அழிச்சிருங்க. அந்த வெளிநாட்டுக்காரவுக பேரு எல்லாத்தையும் மேல வைங்க."

"முதல் வரியிலயா?"

அவர் ஒரு கணம் தயங்கினார். "முதல் வரியில. பிள்ளையாரு பெரிய மனசு பண்ணிக் கீழ எறங்கிக்குவாரு."

7. நாலு

சிங்கப்பூருக்கு எல்லாம் போனது. வெளியே யாருக்கும் கொடுக்காமல் தங்கள் சர்வரில் மட்டும் ஓட்டுவதால் அவர்களுக்கு ஜிபிஎல் ஒரு தொல்லையே இல்லை, ஒழுங்காக இருந்தால் போதும் என்றார் தினேஷ். சித்தப்பா ஃபங்ஷனைப் பற்றி வக்கீலம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தினேஷ்தான், தமிழ் ரிப்போர்ட்டும் வருஷா வருஷம் சப்போர்ட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தார். சோர்ஸையே கொடுத்த பிறகு எதை விற்பது என்று புலம்பிக்கொண்டிருந்த சார், அதை இரண்டு தடவை படித்தார். ஆபீஸ் பிழைத்தது.

ஆனால் ஜோசியர்கள் பாக்கி இருந்தார்கள். புது வெர்ஷனோடு சோர்ஸ் இருக்கும் இடத்தையும் தமிழில் ஒரு விளக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம். விளக்கத்தில் சித்தப்பா விஷயத்தைச் சார் ஒளிக்காமல் எழுதினார். அனுப்பிய அன்று அவர் சாப்பிடவில்லை. போன் அடித்தபோதெல்லாம் திடுக்கிட்டார்.

திருவரங்குளத்திலிருந்து ஒரு ஜோசியர். எங்கள் பழைய வாடிக்கையாளர், கோபக்காரர், சாஃப்ட்வேருக்குச் சாவியான டாங்கிள் கம்ப்யூட்டரில் மாட்டவில்லை என்றால் கவிதாவின் காதில் ரத்தம் வர வைப்பவர். அவர் நம்பரைப் பார்த்ததும் கவிதா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"மொதலாளி இருக்காரா?"

"இருக்கேங்க. சொல்லுங்க" என்றார் சார்.

"தாளு வந்துச்சு. படிச்சேன். என்னமோ நாலு வந்தா அஞ்சாக்குறதுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க. தப்புத்தான். ஒங்ககிட்ட எல்லாம் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"எங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? ஒங்க சாஃப்ட்வேர வாங்குனதுல இருந்து பாக்குறேன். மூணு வரும், அஞ்சு வரும், ஆறு வரும். நாலு வந்ததே இல்ல. தெனம் அதுல பொழங்குறவன், இது கூடவா தெரியாது? நாலு வராத சாஃப்ட்வேருன்னு கேட்டுத்தான்யா எங்க ஆளுக ஒங்ககிட்ட வாங்குறதே!"

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் கவிதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை காலம் அதே ஆபீஸில் இருந்தும், நாலு வந்ததில்லை என்பது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. நான் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏங்க ஒருத்தர்கூட இத்தன நாளா என்னயக் கேக்கல?" என்றார் சார்.

"கேட்டா ஏதோ பக்கு, பிழைன்னு சொல்லிச் சரி பண்ணிருவீங்களே!" என்றார் ஜோசியர். அதோடு விடவில்லை. "ஏதோ சோர்ஸு குடுக்குறீங்களாமே, அத நாங்களே மாத்திக்கலாமாமே? எம் மருமகன் படிச்சவன், பாத்துச் சொன்னான். அப்படியே மூணுக்கும் ஏதாச்சும் வழி இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கேன்."

சார் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று கீழே மிளகாய் அரைக்கவில்லை.

பிள்ளைகளே, வேலைக்கு ஆகும் பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியார் லைப்ரரியை ப்ராஜெக்டில் சேர்க்கும் முன் அதன் லைசென்ஸை முழுசாகப் படியுங்கள், லிங்க் பண்ணின பிறகு இல்லை. எழுதினவன் பெயரை எந்தக் காரணத்துக்காகவும், சாமி காரியமாகவே இருந்தாலும், எடுக்காதீர்கள். தெரியாவிட்டால் எழுதினவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் நல்ல மனுஷர்களாகத்தான் இருக்கிறார்கள்.

மற்றது, நான் வேலையில் இருந்தவரை புரிந்துகொள்ளாதது. கம்பைல் பண்ணிக் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்று நம் தொழிலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோர்ஸ் தேவைப்பட்டது வக்கீலுக்கு மட்டும்தான். ஜோசியர்கள் அது இல்லாமலே எங்கள் முதலாளியை வரிக்கு வரி படித்திருந்தார்கள், அவர் மானம் போகாமல் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.